மலையில் பெய்த மழையும் ரூபியின் வேலையும்

குத்துக்கல்வலசையில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடியில் ரூபி குடியிருந்தாள். புள்ளியியலில் முதுகலை படித்தவள். மகள் பிறந்த பிறகு ஆன்லைனில் டேட்டா சயின்ஸும் படித்து முடித்தாள். கணவன் ஜெபசிங்குக்குத் தென்காசியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. கடையையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையாகத் தேடினாள்.

அப்படிப்பட்ட வேலைக்குத்தான் நாடே முண்டியடிக்கிறது என்பது போகப்போகத் தெரிந்தது. புதியவர்களுக்கு என்று போட்டுவிட்டு உள்ளே இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். சிலர் வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு வரச் சொன்னார்கள். பலர் பதிலே போடவில்லை.

சும்மா இருக்கப் பிடிக்காமல் ரூபி ஒரு காரியம் செய்தாள். சாரல் காலத்தில் வெள்ளம் வந்தால் குற்றால அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பழைய தடைச் செய்திகளையும் மழை விவரங்களையும் சேர்த்து, நாளைக்குக் குளிக்க விடுவார்களா என்று கணிக்கும் இணையப் பக்கம் ஒன்றை உருவாக்கினாள். ஜெபசிங் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தான். அருவிக்கு ஆட்களை ஏற்றிவரும் வேன்காரர்கள் சிலர் அதை நம்பி நடக்கத் தொடங்கினார்கள்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்கலாம் என்றது பக்கம். அருவியிலோ செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது; ஒருவரையும் அண்டவிடவில்லை. கடையத்து வேன்காரர் தில்லைநாயகம் நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"ஏலே ஜெபசிங், இதப் பாத்துதாம்லே ஆளுகளக் கூட்டியாந்தேன். எல்லாரும் என்னையல்லா ஏசுதாவ!"

ரூபிக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தையே அழித்துவிடலாமா என்று நினைத்தாள். மறுநாள் உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. சனிக்கிழமை ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மழை மலைமேல் பெய்திருக்கிறது. அவள் எடுத்ததெல்லாம் ஊர் மழை. கணிப்பு பிசகியதையும் அதன் காரணத்தையும் பக்கத்தின் உச்சியிலேயே எழுதிப் போட்டாள்.

சில வாரங்களில் சென்னை நிறுவனம் ஒன்று வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. குழுத் தலைவி அபர்ணா அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கதையை ரூபி ஒளிக்காமல் சொன்னாள். அபர்ணா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மலை மழையை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் சொன்னார்:

"புதுசா சேர்றவங்களுக்கு நாங்க முழு ரிமோட் கொடுக்கிறதில்ல ரூபி. ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்ட கேப்பீங்க?"

அது ரூபிக்குச் சுருக்கென்று பட்டது. இத்தனை காலமும் கேட்க ஆளில்லாமல்தானே ஒரு சின்னப் பிழையோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினாள்?

"கொஞ்ச மாசம் அங்கன வந்து படிச்சுக்கிடுதேன் மேடம்," என்றாள், நேர்காணல் தமிழ் நழுவிப்போக. "பெறகு இங்கன இருந்து பாக்கட்டுமா? மாசம் ஒரு வாரம் வந்துட்டுப் போறேன்."

நாலு மாதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலை கிடைத்தது. சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்து வந்தது.

"போயிட்டு வா. பிள்ளைய நான் கடையில வச்சுப் பாத்துக்கிடுதேன்," என்றான் ஜெபசிங்.

"கடையிலயா? ஸ்க்ரூவ எடுத்து முழுங்கிருவா!"

"அப்போ மத்தியானம் வரைக்கும் பால்வாடி. அதுக்குமேல கடைய அடைச்சிருதேன், போதுமா?"

சென்னையில் முதல் மாதம் தினமும் வீடியோவில் பிள்ளையைப் பார்த்து அழுதாள். இரண்டாவது மாதம் அழ நேரமில்லை; பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டுக் கேட்டே வேலை கைவந்தது.

இப்போது மாடியறையில் இருந்து வேலை பார்க்கிறாள். சென்னைக்குப் போகிற வாரங்களில் வீடு ஜெபசிங் பொறுப்பு. மகளுக்கு ரெட்டைச் சடை போடுவதில் அவனை மிஞ்ச ரூபியால்கூட முடியவில்லை.