நான்கு டப்பாக்களுக்கும் நானே பொறுப்பு

எங்கள் வீட்டில், வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. தலையாட்டி அனுப்பிவிட்டுப் பிறகு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. தொண்ணூறுகளில், மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்த மரியாதையில் நான் மாட்டிக்கொண்டேன்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு, வயிற்றுப் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு அக்கா செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள். ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா. மறுநாள் காலையில் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தரையைப் பார்த்தபடி சொன்னாள். விருப்பமில்லாதவர்கள் தர வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தருகிறவர்களை வைத்துத்தான் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு என்ன மாத்திரை என்று முடிவாகும் என்றாள். என் டப்பாவில் நாற்பத்தேழு என்று எழுதிவிட்டு, உனக்குச் சம்மதமா என்று என்னையும் கேட்டாள். அதுவரை என்னை யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. ஓரடி வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் அவள் நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் தெருமுனை தாண்டியதும் சித்தப்பா தன்னால் ஆகாது என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பால் சொசைட்டியில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் அப்பா, டப்பாவைத் தொடக்கூட இல்லை.

"வெயில்ல நடந்து வந்து நம்ம வூட்டு மோரைக் குடிச்சிட்டுப் போற பொண்ணு. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்டி சொல்றது?" என்றார்.

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் தவறாமல் போகிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

பத்து நாள் கழித்து அக்கா மறுபடி வந்தாள். நாலு பேருக்கும் பூச்சி, நாலு பேருக்கும் மாத்திரை. அவள் எதிரிலேயே விழுங்க வேண்டும். அப்பா பழியைக் கொய்யாப்பழத்தின் மேல் போட்டுவிட்டு விழுங்கினார். ஒத்துழைத்ததற்கு நன்றி சொல்லி, ஆளுக்கொரு சோப்பு டப்பா கொடுத்தாள். இருந்த ஒரே ரோஸ் கலரை சித்தப்பா எடுத்துக்கொண்டார். பாடுபட்டது நான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நாலு டப்பாவும் நான் போனதுதான்."

அப்பா கூரையை அண்ணாந்து பார்த்தார். அக்கா சிரிப்பை அடக்கினாள். பிறகு அவள் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமேண்ணா. அதுக்குத்தான அவ்ளோ கேட்டேன்."

"கொஞ்சம் மோர் சாப்புடும்மா" என்றார் அப்பா.

அவள் நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து எங்கள் நாலு வரியிலும் கோடு போட்டாள். நாற்பத்தேழும் போனது. என்னுடையது நிஜம் என்று அழுதேன். நிஜம்தான், ஆனால் இந்த வீட்டுத் தாளை இனி யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மோரைத் தொடவில்லை.

ரோஸ் டப்பா எனக்கே கிடைத்தது. ஆனாலும் உண்மை சொன்னவளுக்கே கோடு போட்டாளே என்று அவள் மேல் பல நாள் கோபமாக இருந்தேன். அந்தத் தாளில் 'சம்மதமில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. பெரியவர்கள் மூவரும் அதில் ஒரு டிக் போட்டிருந்தால் என் நாற்பத்தேழு தப்பியிருக்கும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.