கை தூக்காத உறுப்பினர்

பிரேக் அக்காவுக்குக் கால்பந்து என்றாலே எரிச்சல். "ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் ரோடு காலியா இருக்கும். அன்னைக்குன்னு பார்த்து இவனுங்க மேட்ச் வைப்பானுங்க" என்பாள். அப்படிப்பட்டவள்தான் நாட்டின் கால்பந்து சம்மேளனத்தில் செயற்குழு உறுப்பினர் ஆனாள். போன வேகத்திலேயே விரட்டவும் பட்டாள்.

பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அவளுடையது. ஒரே ஒரு பழைய கார். பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்துவிட்டு அவள் திட்டுகிற திட்டில் பாதிப் பேர் அழுதிருக்கிறோம். நானும் அழுதவள்தான். பிரேக் அக்கா என்று நாங்கள் வைத்த பெயர் அப்படி வந்ததுதான். இந்தக் கதையைச் சிக்னலில் நின்ற நேரங்களில் அவளே எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

சம்மேளனத்தின் தலைவர் அவள் கணவரின் அண்ணன். ஒரே வீடு. மாடியில் அவர் குடும்பம், கீழே இவர்கள். அக்காவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன டிரைவர், கிளம்பியாச்சா?" என்பார். சம்மேளனத்தின் நீளமான காரைக் கேட்டை அடைத்து நிறுத்திவிட்டு மேலே போய்விடுவார். காலையில் இவள் வண்டியை எடுக்க வேண்டுமானால் அவர் டீ குடித்து முடிக்கும் வரை வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்.

"அத்தான், எனக்குக் கிளாஸுக்கு நேரமாச்சு."

"அவசரம்னா பஸ்ல போ."

இது ஒருநாள் கூத்தில்லை, கல்யாணமான நாளிலிருந்து நடந்தது. அக்காவின் கணவர் அண்ணன் பேச்சைத் தாண்டாதவர். சின்னதாக ஒரு விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். சம்மேளனத்துக்கு வேண்டிய பனியன், வலை எல்லாம் அங்கிருந்துதான் போகும். வேறு யாரிடமும் விலை கேட்டதில்லை.

அந்தச் சமயம் வெளிநாட்டில், உலகக் கால்பந்தையே ஆளுகிற அமைப்பில் பெரிய பெரிய தலைகள் உருண்டன. அந்த அமைப்பை இங்கே எல்லாரும் மேலிடம் என்பார்கள். லஞ்சம், ஓட்டு விற்பனை என்று நாறிப்போன பிறகு புதிதாக வந்தவர்கள் சீர்திருத்தம் என்று கிளம்பினார்கள். எல்லா நாட்டுச் செயற்குழுவிலும் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும், யாரும் மூன்று முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

நம்மவர் மூன்றாவது முறையின் கடைசியில் இருந்தார். விட்டுப்போக மனமில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். இதுவரை இருந்ததெல்லாம் கணக்கில் வராது, இனிமேல் இருப்பதுதான் கணக்கு என்று ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். அதற்குச் செயற்குழு ஒருமனதாகக் கை தூக்க வேண்டும், ஒரு ஓட்டுகூடச் சிதறக் கூடாது. ஆக, வரப்போகிற பெண் வீட்டுப் பெண்ணாக இருந்தால் தொந்தரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பியிடம் சொன்னார். "உன் பொண்டாட்டியைக் கமிட்டியில போட்டுட்டேன்."

அக்கா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். "என்னைக் கேக்கவே இல்லையே?"

"கேக்கல. சொல்றேன்."

கணவர் ரசம் கேட்டார்.

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டலில் நடக்கும். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சட்டைக்குள் அடங்காத வயிறுகள். முதல் நாள் செயலாளர் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "மேடம், தலைவர் கை தூக்கும்போது நீங்களும் தூக்குங்க. அவ்வளவுதான் வேலை." எதிரில் இருந்த ஒருவர் காலிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார், டீ ஊற்றச் சொல்லி. ஊற்றினாள். "கொஞ்சம் அந்த ஆள் மேலயும் ஊத்தியிருக்கணும்" என்று என்னிடம் பல்லைக் கடித்தாள்.

சில மாதம் கை தூக்கினாள். பெண்கள் அணிக்கு வெளிநாட்டுப் பயணம் ரத்து என்றார்கள், தூக்கினாள். நிர்வாகிகள் சம்மேளனச் செலவில் மனைவியரோடு மேலிடத்து மாநாட்டுக்குப் போகலாம் என்றார்கள், அதற்கும் தூக்கினாள். அந்த மாநாட்டுக்குப் போகவும் செய்தாள். அங்கே மேலிடத்துப் பதவிக்கு நின்ற ஒரு பிரமுகர் எல்லா நாட்டு ஆட்களின் அறைக்கும் தங்கநிற வாட்ச் அனுப்பியிருந்தார். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அக்காவும் வாங்கினாள். கட்டிக்கொண்டு வந்து வகுப்பும் எடுத்தாள். "நல்ல வாட்ச். ஏன் விடணும்?"

திருத்தத்துக்கு ஓட்டெடுப்பு வந்தது. அன்று காலை ஒரு மாணவிக்கு லைசன்ஸ் டெஸ்ட். வழக்கம்போல கேட்டில் அந்தக் கார். அக்கா மாடிப்படி ஏறிப் போய் கதவைத் தட்டினாள்.

"அத்தான், டெஸ்டுக்குப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா. வண்டியை எடுங்க."

"இன்னைக்கு உனக்கு ஒரே வேலைதான், கை தூக்குறது. அதை ஒழுங்கா செய். டெஸ்டாம் டெஸ்டு."

அந்தப் பெண் டெஸ்டுக்குப் போக முடியவில்லை. போனில் அழுதாள். அக்கா புடவையை மாற்றிக்கொண்டு ஹோட்டலுக்குப் பஸ்ஸில் போனாள்.

திருத்தம் வாசிக்கப்பட்டது. தலைவர் கை தூக்கினார். செயலாளர் தூக்கினார். மேஜையைச் சுற்றி வரிசையாகக் கைகள் எழுந்தன. அக்காவின் கைகள் மடியிலேயே இருந்தன.

"கை வலிக்குதா?" என்றார் தலைவர், சிரித்தபடி.

"இல்ல."

"அப்போ தூக்கு."

"மாட்டேன்."

"என்ன விளையாட்டு இது?"

"எனக்கு விளையாட்டே தெரியாதுன்னுதானே கொண்டாந்து உக்கார வச்சீங்க."

திருத்தம் தோற்றது.

அன்று மாலையே வீட்டில் போர் ஆரம்பித்தது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் மாடியில் இருந்தது. கீழ் வீட்டுக் குழாய் வறண்டது. ஓரகத்தி மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "என் புருஷன் மானத்தை வாங்கிட்டு என் வீட்டுத் தண்ணியைக் குடிக்கலாம்னு பார்க்கறியா?"

"உன் புருஷனுக்கு இருந்தாத்தானே வாங்க முடியும்?" என்று அக்கா கீழிருந்து கத்தினாள்.

கடைக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றது. கணவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். ஆனாலும் அவள் பெட்டியைக் கட்டியபோது, குக்கரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. அங்கே போய்த்தான் வாய் திறந்தார்.

"ஒரு கையைத் தூக்கித் தொலைச்சிருக்கலாம்."

"தூக்கியிருக்கலாம்" என்றாள்.

ஓட்டெடுப்பில் திருத்தம் தோற்ற செய்தி மேலிடத்துக்கு எட்டியது; வாட்ச் விஷயமும் அங்கே கசிந்திருந்ததால் விசாரணைக் குழு வந்தது. கோட்டுப் போட்ட மூன்று பேர். எல்லாரையும் தனித்தனியாக அழைத்து, மாநாட்டில் வாட்ச் வாங்கினீர்களா என்று கேட்டார்கள். தலைவர் வாங்கவில்லை என்றார். செயலாளர் வாட்சா, எந்த வாட்ச் என்று கேட்டாராம். அக்கா கையை நீட்டிக் காட்டினாள்.

"இதுதான். எல்லாரும்தான் வாங்கினாங்க."

"மற்றவங்க இல்லைங்கறாங்களே?"

"அப்போ அவங்க பொய் சொல்றாங்க. பீரோவைத் திறந்து பாருங்க."

எந்த பீரோவும் திறக்கப்படவில்லை. தீர்ப்பு வந்தது. பரிசு வாங்கியதை ஒப்புக்கொண்ட உறுப்பினருக்குக் கால்பந்து சம்பந்தமான எந்தப் பொறுப்பிலும் இருக்கத் தடை. கூடவே இன்னொரு காரணமும் சொன்னார்கள்: அவர் தலைவரின் உறவினர், ஆகவே நேர்மைச் சோதனையில் தேறவில்லை. தலைவர் உடல்நிலை சரியில்லை என்று விலகிக் கௌரவத் தலைவர் ஆனார், மாலை மரியாதையோடு. புதிய தலைவர் யார் என்கிறீர்கள்? அந்தச் செயலாளர்தான். பதவியேற்ற அன்று வெளிப்படைத்தன்மை பற்றி வெகுநேரம் பேசினார். பத்திரிகையில் அக்காவின் படம்தான் வந்தது, 'வாட்ச் வாங்கிய பெண் நிர்வாகி' என்று. பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பலர் நின்றுபோனார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நியாயத்துக்காக நின்ன உங்களைப் போய் இப்படிப் பண்ணிட்டானுங்களே" என்றேன்.

"நியாயமா? மண்ணாங்கட்டி. அந்த ஆள் மேல இருந்த கோவத்துல செஞ்சேன். இல்லைன்னு சொன்னா நானும் அவங்களை மாதிரிதான்." அப்புறம் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "ஆனா அந்தப் பொண்ணுங்க டீம் விஷயத்துல கை தூக்கினேன் பாரு, அதுதான் இப்பவும் உறுத்துது. அப்போ கோவம் வரலையே எனக்கு."

பச்சை சிக்னல் விழுந்தது. "போ, போ. எதுக்கு முழிக்கிறே?" என்று பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே கத்தினாள்.

போன வருடம் ஓரகத்தி அவள் பள்ளி வாசலில் வந்து நின்றாளாம். கௌரவத் தலைவருக்குக் கண்ணில் ஆபரேஷன், ஓட்ட ஆளில்லை.

"சொல்லிக் குடுப்பியா?"

"குடுப்பேன். ஆனா வண்டிக்குள்ள நான் மட்டும்தான் பேசுவேன்."

ஓரகத்தி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். இருவரும் வீட்டு விஷயம் ஒன்றுகூடப் பேசவில்லை. கியர் மாற்றத் தெரியவில்லை, ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியவில்லை என்று அக்கா அவளைத் தினமும் வாய் ஓயும் வரை திட்டினாள். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். முதல் டெஸ்டில் கோட்டை விட்டாள், இரண்டாவதில் தேறினாள். லைசன்ஸை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் போனாளாம். அக்காவும் போய் வா என்று சொல்லவில்லை.