அண்ணி சொல்ல நான் தட்டிய செய்திகள்

நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாரைப் பற்றிப் பேசும்போது யாராவது "பாவம், நல்ல மனுஷி" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாவது ஒன்றாவது! நாலு தெருவையும் விரல் நுனியில் வைத்திருக்கிற பெண்ணைப் பாவம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ. கல்யாணம் கூடி வரவில்லை, உண்மைதான். அதை யாராவது கேட்டால், "என் டோக்கன் நம்பரை இன்னும் கூப்பிடல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

டோக்கன் என்று அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதுதான் அவர் வேலை. கன்னம் வீங்கி வந்து உட்காரும் ஜனங்களிடம் "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று பூசி மெழுகுவது அவருக்கு ஆகாது. "உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்க. அதுல ஒருத்தருக்கு வேர் சிகிச்சை. வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். முதலில் முறைப்பார்கள். பிறகு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

செய்தி சொல்லும் வேலையும் அங்கேதான் தொடங்கியது. ஒரு நாள் ஒரு பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, தன் டோக்கன் தாண்டிப் போன பிறகு வந்து சேர்ந்தார். சாலை தோண்டுகிறார்கள் என்று பஸ் நிறுத்தத்தை இரண்டு தெரு தள்ளி மாற்றியிருக்கிறார்கள். இவர் பழைய இடத்திலேயே வெயிலில் நின்று பார்த்துவிட்டு நடந்தே வந்திருக்கிறார். "மாநகராட்சி ஆபீஸ் போர்டுல போட்டிருந்தாங்களே" என்றாராம் அங்கே இருந்த இன்னொருவர். "அந்த போர்டை எவன்யா போய்ப் பார்க்கிறான்?" என்று பெரியவர் எரிந்து விழுந்தாராம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி போய் அந்த போர்டைப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் பார்க்கிறார். ஊர் அவருக்குப் போர்டக்கா என்று பெயர் வைத்தது.

போர்டில் இருப்பதை அப்படியே வாங்கி வந்து சொல்கிற ஆளும் இல்லை. தெருவிளக்கு சரி செய்தாயிற்று என்று போட்டிருந்தால், அந்த விளக்குக் கம்பத்தடியில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கால் கழுவிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் உட்காருவார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுப்பேன். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி, நாலு தெருவும் இருக்கிற குரூப்பில் போடுவேன். அவருக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம். போன் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி தெரிகிறது என்பார்.

எத்தனை சட்டம் தெரியுமா இதற்கு! கெட்ட செய்தி முதலில் வர வேண்டும். "விரைவில்" என்ற சொல் வரவே கூடாது. என்றைக்கு என்று கேட்டு வாங்கி வருவார், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று போடச் சொல்வார். தப்பு செய்தவரின் பெயரைப் போடக் கூடாது, வேலையை மட்டும் போட வேண்டும். "பேரைச் சொன்னா ஆளைத் திட்டுவாங்க. வேலையைச் சொன்னா வேலையைக் கேப்பாங்க" என்பது அவர் கணக்கு. அப்புறம், காரணம் எழுதக் கூடாது. "குப்பை வண்டிக்காரர் இன்று வரவில்லை. நாளை காலை இரண்டு நாள் குப்பையும் எடுக்கப்படும்." அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று நான் கேட்டால், "அது அவர் மேலதிகாரிகிட்ட சொல்லிக்க வேண்டியது. நமக்குக் குப்பை போச்சா இல்லையா, அதைச் சொல்லுடி" என்று வாயை அடைத்துவிடுவார்.

நானும் சளைத்தவள் இல்லை. சில நாள் கொஞ்சம் காரம் சேர்த்துத் தட்டுவேன். திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இந்த 'வழக்கம் போல' எங்கேருந்து வந்துச்சு? நான் சொல்லலையே" என்று பிடித்துவிடுவார். கண்தான் மங்கல், காது பாம்புக் காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொட்டி வழிந்தது.

என் வீட்டுக்காரர் மாநகராட்சியில் பம்ப் ஆபரேட்டர். அண்ணிக்குத் தம்பி. எங்கள் பகுதிக்கு மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டியது அவர் பொறுப்பு. மோட்டார் அறைக்கு ஒரே சாவி, அது அவரிடம். வெளியே ஒரு காவலாளி இருப்பார், காண்ட்ராக்ட் ஆள். அவர் மோட்டாரைத் தொடக் கூடாது.

அன்று சாயங்காலம் எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது. அண்ணி கிளினிக்கில் இருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. இவர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதையும் மறந்து, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த அவசரத்தில் இவர் போனை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார். நல்ல வேளை, குழந்தை பிழைத்துக்கொண்டது. வீடு திரும்பி இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது பையிலிருந்து சாவி கீழே விழுந்தது. அதே சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினார்.

அதற்குள் தொட்டி வழிந்து, தண்ணீர் சரிவில் இறங்கி, கீழ்த் தெரு வீடுகளுக்குள் புகுந்திருந்தது. தையல்காரர் கடையில் வாடிக்கையாளர் துணியெல்லாம் நாசம். இவர் போய்ச் சேரும்போது எஞ்சினியர் பூட்டை உடைத்து மோட்டாரை நிறுத்திவிட்டுக் காவலாளியைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாராம். "நீ எங்கேய்யா போய்த் தொலைஞ்சே? ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?" காவலாளி, "இங்கேதான் சார் இருந்தேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து போனவர், தொட்டி நிரம்பினால் போன் போட்டுச் சொல்ல வேண்டியது காவலாளிதான் என்று எஞ்சினியர் நினைத்துக்கொண்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. மாதச் சம்பளத்தில் ஓடுகிற குடும்பம்.

மறுநாள் போர்டில் நோட்டீஸ்: காவலாளியின் கவனக்குறைவால் தொட்டி வழிந்தது, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

அண்ணி அதைப் படித்தார். வழக்கம் போலப் பார்க்கப் போனார். கீழ்த் தெருவில் கொடி கொடியாகத் துணி காய்வதைப் பார்த்தார். பம்ப் ஹவுஸில் உடைந்த பூட்டைப் பார்த்தார். பிறகு அந்தக் காவலாளியின் வீட்டுக்கும் போனார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தண்ணி வழிஞ்சுது, அவ்வளவுதான்" என்று சொல்லி அவர் அண்ணிக்கு உட்கார நாற்காலி போட்டாராம். ஆனால் பூட்டு உடைந்திருந்தால் சாவி அங்கே இல்லை என்றுதானே அர்த்தம். அந்தச் சாவி முந்தின ராத்திரி எங்கள் வீட்டுத் தரையில் விழுந்த சத்தத்தை அண்ணியும் கேட்டிருந்தார்.

வந்தார், கால் கழுவினார், உட்கார்ந்தார். நான் போனை எடுத்தேன். "கீழ்த் தெருவில் தண்ணீர் புகுந்ததற்குக் காவலாளி காரணம் இல்லை. மோட்டாரை நிறுத்தாமல் சாவியோடு போனவர் பம்ப் ஆபரேட்டர்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

நான் போனைத் தரையில் வைத்தேன். இவர் உள்ளே பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணி, விளையாடறீங்களா? இந்த வேலை போச்சுன்னா நாம நாலு பேரும் நடுத்தெருவுல நிக்கணும். கூடப் பிறந்த தம்பியைக் காட்டிக் கொடுத்துதான் நல்ல பேர் வாங்கணுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவள், இன்னும் என்னென்னவோ சொன்னேன். இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூடச் சொல்லிக் காட்டிவிட்டேன். அவரும் சம்பாதித்துக் கொடுக்கிறவர்தான், ஆனால் கோபத்துக்குக் கண் ஏது?

"நீ தட்ட வேணாம்" என்றார் அவர்.

"தட்ட மாட்டேன். குரல்லயே போட்டுக்குங்க, யாரு வேணாம்னா!"

"இத்தனை வருஷம் உன் கையால போன செய்தி. இது மட்டும் என் குரல்ல போனா, வீடு ரெண்டாயிடுச்சுன்னு தெருவுக்கே தெரியும். நீ எப்போ தட்டறியோ அப்போ போகட்டும். அதுவரைக்கும் வேற செய்தியும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, தன் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் பாட்டுக்கு வேலைக்குப் போனார், வந்தார், பாப்பாவுக்கு மருந்து கொடுத்தார். குரூப்பில் "போர்டக்கா எங்கே?" "நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வாய்க்கு வந்தது வரத் தொடங்கியது. தண்ணீரில் மருந்து அதிகம் என்று ஒருவர். இனி வாரம் ஒரு முறைதான் தண்ணீர் என்று இன்னொருவர். கடைசியில் மளிகைக் கடைக்காரர் போட்டார்: "அந்தக் காவலாளி குடித்துவிட்டுக் கிடந்தானாம். விசாரித்துச் சொல்கிறேன்." அதற்கு எத்தனை பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள் தெரியுமா!

அதை இவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். "அவரா? அவரு டீகூட வேணாம்னு வெந்நீர் குடிக்கிற மனுஷன்" என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எழுதிடு" என்றார்.

"என்னங்க?"

"அக்கா சொன்னதை எழுதிடு. காலைல எஞ்சினியர்கிட்ட நானே போய்ச் சொல்லப் போறேன். நீ இப்பவே எழுதினாத்தான் போவேன். இல்லன்னா போற வழியில மனசு மாறிடும், எனக்கு என்னைத் தெரியும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தார். அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். தட்டினேன். முடித்துவிட்டு, "அண்ணி, குழந்தைக்கு வெட்டு வந்ததாலன்னு ஒரு வரி சேர்த்துடறேன். பொய் இல்லையே, நடந்ததுதானே" என்றேன்.

அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியைப் பார்த்தார், உள்ளே தூங்குகிற பாப்பாவைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"குப்பை வண்டிக்காரர் வராத அன்னிக்கு அவரு சம்சாரத்தைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தாங்க. எனக்குத் தெரியும். உன்னை எழுத விடல" என்றார். "லைட்டு சரி பண்றவரு வராதப்போ அவரு அம்மா தவறிப் போயிருந்தாங்க. அதையும் எழுத விடல. இப்போ நம்ம வீட்டுக்கு மட்டும் எழுதினா, அவங்க மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்?"

எனக்கு அது தெரியாது. அந்தக் குப்பை வண்டிக்காரருக்குத்தான் நான் "வழக்கம் போல" என்று சேர்த்துத் தட்டப் பார்த்தேன். காரணம் இல்லாமலே அனுப்பினேன்.

குரூப் அப்படியே அடங்கிப் போனது. ஆபரேட்டர் யாருடைய தம்பி, யாருடைய புருஷன் என்று நாலு தெருவுக்கும் தெரியுமே. பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டியது. ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. மளிகைக் கடைக்காரர் தான் போட்டதை அழித்தார். நான் போனையே வெறித்துக்கொண்டிருந்தேன், எவர் என்ன ஏசப் போகிறாரோ என்று.

கடைசியில் ஒரு செய்தி வந்தது. இத்தனை வருஷம் குரூப்பில் இருந்தும் ஒரு தடவைகூட வாயைத் திறக்காதவர், அந்தக் காவலாளி. இவர் பம்ப் ஹவுஸிலிருந்து ஓடியபோது வாசலில் நின்றவர், ஏன் ஓடுகிறார் என்று அன்றைக்கே இவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்தவர், வேலை போன பிறகும் அதை யாரிடமும் சொல்லாதவர். எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தார்:

"பாப்பாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? அதுக்கப்புறம் வெட்டு வரலையே?"

அண்ணி, "என்னடி, என்ன போட்டிருக்காங்க, படி" என்றார். படித்துக் காட்டினேன். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இவர் எழுந்து, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, குரூப்பில் பதில் போடாமல், காவலாளி வீட்டுக்கு நேரில் சொல்லக் கிளம்பிப் போனார்.