மல்-சுன் டீச்சரின் உயர வகுப்பு

"மெதுவா... சத்தமே வரக் கூடாது... மூச்சை விடுங்க" என்று மல்-சுன் டீச்சர் சமுதாயக் கூடத்தின் மூன்றாவது மாடி யோகா வகுப்பில் சொல்வது, கீழே வட்டார அலுவலகத்தில் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். பதினாலு பிள்ளைகளும் மூச்சு விடுவதற்குப் பதிலாகச் சிரித்துவிடுவார்கள். தென் கொரியாவின் பூசான் நகரத்து யங்தோ தீவில், கப்பல் பட்டறையில், பதினெட்டு வருடம் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துரு தட்டியவர் அவர். இடது காது அங்கேயே போய்விட்டது. "நான் கிசுகிசுக்கிறதே இப்படித்தான்" என்பார்.

காதோடு இடுப்பும் போயிற்று. வலிக்கு ஆகுமே என்று யோகா கற்கப் போனவர், ஐம்பது வயதில் பரீட்சை எழுதி ஆசிரியையாகிவிட்டார். ஆசனங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. குனிந்து பாதத்தைத் தொட்டால் காயப்போட்ட கணவாய். மல்லாந்து அசையாமல் கிடந்தால் ஏலம் போகாத மீன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைக்கு ஒன்றாக ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கையில் திணிப்பார். சுளைகளை முழுசாக மென்று முடிக்கும்வரை யாரும் படியிறங்க முடியாது.

ஆனால் தாய்மார்கள் வருவது மூச்சுக்காகவோ ஆரஞ்சுக்காகவோ அல்ல. சமுதாயக் கூடத்து வாசல் தட்டியில் 'உயரம் வளர்க்கும் சிறுவர் யோகா' என்று எழுதியிருக்கிறது. ஒரு தடவை டீச்சர் 'உயரம் வளர்க்கும்' என்பதை அழித்துப் பார்த்தார். அந்தப் பருவத்தில் நாலே பேர்தான் சேர்ந்தார்கள். மறுபடியும் எழுதிவிட்டார். அவருடைய உயரம் நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். புதிதாக வரும் தாய்மார்கள் முதலில் தட்டியைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள். "நான் லேட்டா ஆரம்பிச்சேன்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

போன வசந்தத்தில் கா-ஒன் வந்து சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பு, குட்டையாக இருப்பதால் பள்ளியில் அவளைப் 'பட்டன்' என்று கூப்பிடுவார்களாம். சட்டைக் காலரை எப்போதும் வாயில் வைத்து மென்றுகொண்டிருப்பாள். எந்தச் சட்டையானாலும் நுனி நார்நாராகத் தொங்கும். அம்மா ஹே-ரிம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்காத கை. மாதத்தின் முதல் ஞாயிறன்று மகளைக் கதவோரம் நிறுத்தி அளந்துவிடுவார்.

இலையுதிர் காலத்துக்குள் கா-ஒன் மெல்லுவதை விட்டதில் அவள் காலர்கள் முழுசாகிவிட்டன. முதலில் கண்டவர் டீச்சர்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஹே-ரிம் ஒரு வியாழக்கிழமை படியேறி வந்து நின்றார்.

"ஏழு மாசமாச்சுங்க டீச்சர். ரெண்டு சென்டிமீட்டர் கூட வளரல. கூடைப்பந்துல சேத்துவிட்டா குதிச்சுக் குதிச்சாவது வளருவாளான்னு பாக்குறேன்."

"சரிம்மா, கூடைப்பந்தும் நல்லதுதான்" என்றார் டீச்சர். காலரைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாக்குச் சொல்லி ஆள் பிடிப்பதுபோல் ஆகிவிடுமே என்று கூச்சம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனார். அதுவும் உரக்கத்தான், பேருந்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரியில், வகுப்பு பாதி நடந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. வகுப்பை விட்டு நின்றிருந்த கா-ஒன் நேராகப் போய் ஒரு பாயை எடுத்து விரித்தாள். ஹே-ரிம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் அவர்கள் குடியிருப்பின் லிஃப்ட் பதினோராவது மாடிக்கு மேலே நின்றுவிட்டது. உள்ளே அவரும் மகளும் மட்டும். கொஞ்ச நேரத்தில் ஹே-ரிமுக்குக் கைகள் மரத்துப்போயின, நெஞ்சு அடைத்தது, செத்துவிடுவோம் என்றே நினைத்துவிட்டார். கா-ஒன் அம்மாவைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். சுவரோடு முதுகைச் சாய்த்து, அம்மாவின் கையை எடுத்து அம்மாவின் வயிற்றிலேயே வைத்தாள். நாலு எண்ணி உள்ளே இழு, ஆறு எண்ணி வெளியே விடு என்று நாற்பது நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"உங்கள மாதிரியே கத்தி எண்ணுறா டீச்சர். லிஃப்ட் மைக்குல கேட்டுக்கிட்டிருந்த காவலாளி, உள்ள ஏதோ சண்டைன்னு போலீசுக்கே சொல்லிட்டார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹே-ரிம் சிரிக்கவில்லை. டீச்சரின் வலது காதுப் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எண்ணிக்கை எதுவும் மண்டையில ஏறல. அவ வயிறு ஏறி இறங்குறதப் பாத்துப் பாத்துத்தான் நான் மூச்சு விட்டேன்." மகள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இனிமே வளராட்டியும் பரவாயில்லையான்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்ல. ஆனா அவ இங்க வரட்டும்."

இவ்வளவு நாள் சொல்லாமல் விட்ட காலர் விஷயத்தை இப்போதாவது சொல்லலாமா என்று டீச்சர் ஒரு கணம் வாய் திறந்தார். ஹே-ரிமின் விரல்கள் கோட்டுப் பொத்தானைத் திருகுவதும் விடுவதுமாக இருந்தன.

"கோட்டைக் கழட்டிட்டு உள்ள வாம்மா."

"நானாங்க? இது பிள்ளைங்க வகுப்பாச்சே."

"படுத்துக்க."

சிரிப்பு அடங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மல்லாந்தார்கள். ஹே-ரிம் மகளுக்குப் பக்கத்தில், தவளைப் படம் போட்ட பாயில் கால் நீட்டிப் படுத்தார். சிறுவர் பாய், அவருடைய முழங்காலோடு முடிந்துவிட்டது. ஜனவரித் தரையில் குதிகால்கள் இரண்டும் சில்லென்று கிடந்தன. மல்-சுன் டீச்சர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாலாக மடித்தார். மண்டியிட்டு, தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடாமல் தூக்குவதுபோல் அந்தக் கால்களை மெல்லத் தூக்கி, அதை அடியில் வைத்தார்.