அரிவாள் மாட்டும் சத்தம்

சேது குடியை விட்டுப் பதினோரு வருடமாகிறது. ஆனாலும் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரிலுள்ள தன் வீட்டில் புல் வெட்டிவிட்டு அரிவாளை வேலிக்கம்பியில் மாட்டினால் போதும், அந்தக் ‘கிணிங்’ சத்தத்துக்கே எச்சில் ஊறும். “வெட்கங்கெட்ட நாக்கு” என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

முன்பு தோட்டத்தில், நீண்ட கழியில் அரிவாளைப் பொருத்தி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர் அவர். அரிவாளோடு கள்ளுக்கடைக்குள் நுழையக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. கழியிலிருந்து கழற்றிய அரிவாளை வாசல் மரத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போவார்கள். இரண்டு மணி வெயில், காயாத சட்டை, கூட்டாளிகளின் கேலி, இரும்போடு இரும்பு உரசும் அந்த ஓசை! நினைத்தாலே அவருக்கு வயது குறைந்துவிடும்.

கிளினிக்கில் இதைச் சொன்னபோது டாக்டரம்மா சிரித்தார்.

“ஐயா, கள்ளு உள்ள போனப்புறம்தான் சந்தோஷம்னு நினைக்காதீங்க. அந்தச் சத்தம் கேட்டதுமே, கள்ளு வரப்போகுதுன்னு மூளை சேதி அனுப்பிடும். ஆசையைக் கிளப்புறது அந்தச் சேதிதான். இத்தனை வருஷமாகியும் அது மறக்கல.”

திரும்பும் பஸ்ஸில் சேதுவுக்கு ஒரே குஷி.

“அப்போ பாதி சந்தோஷம் வாசல்லயே கிடைச்சிருக்கு லா, திலகம்! தெரிஞ்சிருந்தா வாசலோடயே திரும்பியிருப்பேன்.”

மனைவி திலகம் சன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வாசல்லதானே புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் நின்னேன். என்னைத் தாண்டித்தானே உள்ள போனீங்க?”