தொட்டி போட்ட சத்தம்

கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கும் வேலை. சைட் இன்ஜினியர் நான். தொட்டியைத் தாங்கும் நான்கு கால்களும் உள்ளீடற்ற சதுர இரும்புக் குழாய்கள். கீழே அகன்று நிற்பவை. சுமை ஏற ஏற அவை விலகப் பார்க்கும். குறுக்குக் குழாய்கள் இழுத்துப் பிடிக்கும். குழாயை ஊடுருவி போல்ட் போட்டு இறுக்கினால் சுவர் நசுங்கிவிடும். அதனால் முனைகளில் தகடு பற்றவைத்து, தகட்டோடு தகடாக இணைத்திருந்தோம்.

முதலில் தண்ணீர் ஏற்றிய அன்று, பெண்கள் காலையிலேயே தொட்டியின் கீழே குடங்களை வரிசை போட்டுவிட்டார்கள். தொட்டி பாதி நிறைந்திருக்கும். 'டங்' என்று ஒரு சத்தம்.

அடுத்த கணம் அங்கே ஆளில்லை. குடங்களும் நானும்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து குழாய் பொருத்த வந்த பிட்டர் மேஸ்திரிகூட மோட்டாரை நிறுத்திவிட்டுப் பலாமரத்தடிக்குப் போய்விட்டார்.

"இன்னா சார் சத்தம்? ஒடஞ்சிக்கிச்சா?"

"இல்லீங்க மேஸ்திரி. போல்ட்டவிட ஓட்டை கொஞ்சம் பெருசு இல்லீங்களா? தகடு நகர்ந்து போல்ட்ட முட்டியிருக்கும்."

"இருக்கும்ன்றியே, தெரியுமா?"

தெரியாது. படித்திருந்தேன், ஆனால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்திருந்தேன். ஏணியில் ஏறிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் கோடு உடைந்து, பாதி ஒரு நகக்கனம் தள்ளி நின்றது. வெல்டில் விரிசல் இல்லை. குழாய்ச் சுவர் எங்கும் புடைக்கவில்லை. இனி அது நகரக் கூடாது, அவ்வளவுதான். நகர்ந்தால் நான் நினைத்தது தப்பு.

"மோட்டாரப் போடுங்க."

"நீ இறங்கி வா, போடறேன்."

"கோட்டப் பாக்கணும் மேஸ்திரி."

குடத்துக்காரப் பெண்களில் ஒருத்தி சாலையிலிருந்து கத்தினாள்: "நிக்கட்டும் வுடுங்க. அந்தாளுக்கு இன்னா, பொண்டாட்டியா புள்ளையா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கப் பக்கத்தில் யாருமில்லை.

மேஸ்திரி மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறியது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தாள், சோற்று வேளை.

"சாப்ட்டியா?"

"இல்லம்மா. தொட்டி ரொம்பிக்கினு இருக்குது."

"அதுக்கு நீ எதுக்கு நிக்கிற?"

எங்கள் வீட்டில் என் வேலையைப் பற்றி எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி, சாப்பிட்டாயா என்பதுதான். இது புதிது. சத்தத்தையும் கோட்டையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு மெதுவாக, "எதுக்கும் நீ கொஞ்சம் தள்ளியே நில்லுடா" என்றாள்.

சரி என்றேன். தள்ளி நிற்கவில்லை.

தொட்டி நிறைந்து வழிந்து என் சட்டை நனைந்தது. கோடு நகரவில்லை. இறங்கி, "ஒண்ணும் ஆகல, வாங்க" என்று கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை. முதல் குடத்தை நானே நிரப்பித் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் வைத்தேன். முன்பு கத்தியவள் குடத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டாவது, அந்தப் பச்சக் குடம். அதும் என்துதான். நீயே ரொப்பி எடுத்தாந்துடு."

வரிசையில் இருந்த குடங்கள் முழுக்க அப்படித்தான் நிரம்பின.