இடது பக்கம் எனக்கு

பாரிசில் என் ஓவியத்தைப் பார்க்காமல் எங்கள் தெருவை ஒருவரும் கடந்து போவதில்லை. பொய். ஒரு மீன்கடையின் இரும்புக் கதவில் படம் கீறியிருக்கிறேன். காலையில் கடைக்காரர் கதவை மேலே சுருட்டினால் திருகோணமலைத் துறைமுகம் முழுவதும் சுருண்டு உள்ளே போய்விடும். கடை பூட்டியிருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் கண்காட்சி! கீறிக்கொண்டிருந்தபோது அவர் என்னவோ கேட்டார். விளங்கவில்லை. பிரெஞ்சில் விளங்காத எதற்கும் "வீ, வீ", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறவன் நான். தென்னை மரம் வேண்டும் என்றாராம். கரையில் இடமில்லை, நடுத்தண்ணீரில் நாலு தென்னை முளைத்தன. சொந்தமாக ஓவியத் தொழில் செய்வது என்றால் இதுதான்.

இதே வாய்தான் நவ்பரிடமும் வித்தை காட்டியது. நவ்பர் திருகோணமலைக்குப் பக்கத்து இறக்கக்கண்டி மீனவன், என் பழைய கூட்டாளி. இருபது வயதில் இருவரும் வள்ளங்களுக்குப் பெயர் எழுதித் திரிந்தோம். அவன் வலது பக்கம், நான் இடது பக்கம். ஒன்றாகத் தொடங்குவோம், எட்டிப் பார்க்கக்கூடாது. முடிந்ததும் யாருடைய எழுத்துக் கோணல் என்று கரையே சுற்றி வந்து சிரிக்கும். எப்போதும் என்னுடையதுதான். எட்டாம் வகுப்போடு ஓடியவனின் எழுத்து வேறு எப்படி இருக்கும்? இந்த வருடம் அவன் சொந்தமாக வள்ளம் வாங்கியபோது, "இடது பக்கத்தை எனக்கு விடு மச்சான், ஓகஸ்டில வாறன்" என்று போனில் குரல் பதிவு அனுப்பினேன். அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

விடுமுறைக்குக் குடும்பமாக இலங்கைக்குப் போனோம். பயண அட்டவணை போட்டது மனைவியின் தம்பி. மூன்று வாரம் யானை, தேயிலை, மலை, ரயில். திருகோணமலைக்கு ஒன்றரை நாள். நான் பிறந்த ஊருக்கு ஒன்றரை நாள்! அதிலும் அரை நாள் புறாத்தீவில் மீன் பார்க்க. மீன்கடை வாசலில் நிற்கிறவனை மீன் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். நிலாவெளி ஹோட்டலில் வரவேற்பாளர் என்னிடம் ஆங்கிலத்தில், "முதல் தடவையா வருகிறீர்கள்?" என்று கேட்டார். பல்லைக் கடித்தேன். கோபம் அவர்மேல் இல்லை. கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேனே, அந்த மடையன்மேல்.

புறாத்தீவுக்குப் போகிற வழியில் எங்கள் வாடகை வானை இறக்கக்கண்டியில் நிறுத்தச் சொன்னேன். இருபது நிமிடம் தந்தார்கள். நவ்பரின் வள்ளம் கரையில் கிடந்தது, அவன் பக்கத்தில் நின்றான். வலது பக்கத்தில் 'நஸ்ரினா', நவ்பரின் மகளின் பெயர். இடது பக்கம் வெறும் வெள்ளை.

"எத்தினை நாளா இப்பிடிக் கிடக்கு?"

"பதினொரு நாள். மற்ற வள்ளமெல்லாம் மீனை அள்ளுது. பாரிஸ் பெயின்றர் வருவாரோ, அவர்ட பேரன் வருவானோ எண்டு என்ட மனுசி கேக்குறா."

"உனக்கென்ன விசரா? நான் சும்மா வாயடிச்சனான்! இறக்கியிருக்கலாமே?"

"நீ வாயடிச்சாய். நான் வாக்கெண்டு நினைச்சன்." பிரஷை என் கையில் திணித்தான். "இப்ப சொல்லு. நீ ஊருக்கு வந்தனியோ, ஊரைச் சுத்திப் பாக்க வந்தனியோ?"

அவனை அடிக்கலாம் போல இருந்தது. பதினொரு நாள் கடலுக்குப் போகாமல் இருந்தவனை! பிறகு அட்டவணையைத் திட்டினேன், போட்டவனைத் திட்டினேன், வானைத் திட்டினேன். என் வாயை மட்டும் ஒன்றும் செய்ய ஏலவில்லை. அது திட்டிக்கொண்டிருந்தது.

ந எழுதினேன். ஸ் எழுதினேன். ரியை வளைக்கும்போது மனைவி வானிலிருந்து கத்தினாள்: "இஞ்சருங்கோ, புறாத்தீவுப் போட் போகப்போகுதாம்! பிள்ளையள் வெயில்ல காயுதுகள்!"

"மிச்சத்தை நீ எழுது," என்றேன்.

"ஏலாது. அது உன்ட பக்கம்," என்றான் நவ்பர். என் கையிலிருந்த பிரஷை வாங்கித் துடைத்தான்.

அடுத்த நாளே பாதிப் பெயரோடு வள்ளத்தை இறக்கிவிட்டானாம். கடலில் யாராவது கேட்டால், "மிச்சம் பாரிஸில நிக்குது" என்கிறானாம். அதைக் கேட்டதிலிருந்து மீன்கடைக் கதவில், அந்த நாலு தென்னைக்கு நடுவே, நஸ்ரினா வள்ளத்தைக் கீறுகிறேன், இடது பக்கமும் பெயரும் தெரிகிற மாதிரி. ரி வரைக்கும் வந்துவிட்டேன். பெயின்ற் காயட்டும் என்று மீன்பெட்டியில் குந்தியிருந்துதான் இதை எழுதுகிறேன். 'னா'வை முடித்துப் படம் பிடித்து நவ்பருக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒன்று சொல்லவும் வேண்டும். என்னவென்றால், அன்றைக்கு வானில் ஏறின பிறகு நான்...

"முசியே! முசியே!" கடைக்காரர் கூப்பிடுகிறார். திறக்கிற நேரம். ஏணியை எடுக்க வேண்டும், 'னா' இல்லாமலே கதவு மேலே போகத் தொடங்கிவிட்டது.